அப்பாவின் முட்டிவலியைப் போட்டுக்கொடுத்த லேப்டாப்: தினமும் பயன்படுத்த எந்த பிரவுசர்?

வணக்கம். எங்கள் வீட்டில் லேப்டாப் ஒன்று, ஆட்கள் நான்கு பேர். போன வருஷம் ஒருநாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்த தங்கை திரும்பி, "அண்ணா, நம்ம வீட்ல யாருக்கு முட்டிவலி?" என்று கேட்டாள். திரையின் ஓரத்தில் முட்டிக்கு மாட்டும் உறை விளம்பரம். கீழே மூலிகைத் தைலம். வேறொரு பக்கத்தைத் திறந்தால் எலும்புத் தேய்மானத்துக்கு இலவச ஆலோசனை. அம்மா இல்லை, நானும் இல்லை. அப்பா பேப்பரைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மாடிப்படி ஏறினால் வலிக்கிறது என்று ஆறு மாதமாக எங்கள் யாரிடமும் சொல்லாத மனுஷன், ஒரு ராத்திரி ஏதோ ஒரு மருத்துவத் தளத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிப் படித்திருக்கிறார். லேப்டாப் போட்டுக்கொடுத்துவிட்டது.

"என்னிடம் மறைக்க என்ன இருக்கு, நான் என்ன தப்பா பண்றேன்" என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கதையை முதலில் சொன்னேன். அப்பாவும் தப்பு ஒன்றும் பண்ணவில்லை.

(திரையில்: ஒரு மருத்துவக் கட்டுரைப் பக்கம், மேலே வலது மூலையில் சின்ன சிவப்புக் கேடயம், அதன் மேல் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்)

சரி, இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நான் திறந்திருப்பது ஒரே ஒரு பக்கம். ஆனால் அந்தப் பக்கம் திறக்கும்போதே, நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத பல கம்பெனிகளின் சர்வர்களுக்கு என் பிரவுசர் தானாகவே போய்க் கதவைத் தட்டுகிறது. இந்த மூலையில் ஏறுகிற எண் அதைத்தான் காட்டுகிறது, ஒவ்வொன்றும் தடுக்கப்பட்ட ஒரு தட்டல். தடுக்காவிட்டால் அந்த விளம்பரக் கம்பெனி உங்கள் பிரவுசரில் ஒரு குக்கியை, அதாவது உங்களுக்கான ஒரு டோக்கன் நம்பரை, வைத்துவிட்டுப் போகும். அதே கம்பெனியின் விளம்பரம் கிரிக்கெட் தளத்திலும் இருக்கிறது, சமையல் தளத்திலும் இருக்கிறது. நீங்கள் அங்கே போனதும் டோக்கனைப் பார்க்கும், "ஓ, முட்டிவலிக்காரர் வந்துட்டார்" என்று புரிந்துகொள்ளும். உட்கார்ந்திருப்பது தங்கை என்பது அதற்குத் தெரியாது.

குக்கி 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மொன்டூலி என்ற இன்ஜினியர் கண்டுபிடித்தது. கடைக் கூடையில் எதைப் போட்டீர்கள் என்று தளம் நினைவில் வைத்துக்கொள்ள உதவும் சாதாரணமான, நல்ல விஷயம்தான். நீங்கள் போன தளம் இல்லாமல், அதில் விளம்பரம் போடும் வேறொரு கம்பெனி வைக்கிற மூன்றாம் ஆள் குக்கி என்று ஒன்று முளைத்த பிறகுதான் வம்பு.

ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020 மார்ச்சில் இந்த மூன்றாம் ஆள் குக்கியை மொத்தமாகத் தடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் வேறு வழியில் போனது, எனக்குப் பிடித்த வழி. 2022 ஜூனிலிருந்து கம்ப்யூட்டர் ஃபயர்பாக்ஸில் இது எல்லோருக்கும் இயல்பாகவே வருகிறது. வீட்டு அஞ்சறைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், கடுகு ஒரு குழியில், சீரகம் ஒரு குழியில். அந்த மாதிரி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனிக் கிண்ணம். மருத்துவத் தளத்தில் விளம்பரக் கம்பெனி வைத்த டோக்கன் அந்தக் கிண்ணத்திலேயே கிடக்கும், கிரிக்கெட் தளத்தில் அதே கம்பெனி வந்து தேடினால் அங்கே இருப்பது வேறு கிண்ணம், காலி.

குரோம்? 2020 ஜனவரியில் "இரண்டு வருஷத்துக்குள் இந்தக் குக்கிகளை நிறுத்திவிடுவோம்" என்றார்கள். தள்ளிப்போட்டார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் நிறுத்தப்போவதில்லை என்றே சொல்லிவிட்டார்கள். கூகுளுக்குச் சோறு போடுவது விளம்பரம், இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. குரோம் மோசமான பிரவுசர் என்று நான் சொல்லமாட்டேன், பாதுகாப்பு ஓட்டைகளை வேகமாக அடைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஹேக்கரிடமிருந்து காப்பாற்றுவது ஒன்று, விளம்பரக்காரரிடமிருந்து காப்பாற்றுவது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்காக்னிட்டோ என்கிற ரகசிய ஜன்னல் போதாதா என்று கேட்பீர்கள். அப்பாவின் விஷயத்தில், உண்மையைச் சொன்னால், அது பெரும்பாலும் போதுமாக இருந்திருக்கும். ஜன்னலை மூடியதும் குக்கியும் ஹிஸ்டரியும் அழிந்துவிடும், தங்கைக்கு விளம்பரம் வந்திருக்காது. ஆனால் அது வீட்டு ஆட்களிடமிருந்து மறைக்கிற திரைச்சீலை, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளம், இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி, ஆபீஸ் நெட்வொர்க் என எல்லோருக்கும் நீங்கள் வந்தது தெரியும். அமெரிக்காவில் 2020-ல் இதை வைத்துத்தான் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள், 2024-ல் சமரசத்துக்கு வந்து, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

குக்கியைத் தடுத்தால் முடிந்ததா என்றால், இல்லை. குக்கியே வைக்காமல் உங்களை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது, கைரேகை மாதிரி. திரையின் அளவு, நேர மண்டலம், கிராஃபிக்ஸ் கார்டு எழுத்தை வரையும் விதம், கணினியில் இருக்கும் எழுத்துருக்களின் பட்டியல் எல்லாவற்றையும் கூட்டினால் உங்கள் கணினி மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம். அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2010-ல் இதைச் சோதித்தது. வந்த 4,70,161 பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து நின்றன. இதில் நம் ஆட்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம்: டிடிபி வேலைக்காகப் பாமினி மாதிரி பழைய தமிழ் எழுத்துருக்களை வாங்கிப் போட்டு வைத்திருப்பவர் உலகக் கூட்டத்தில் எங்கே நின்றாலும் பளிச்சென்று தெரிவார். அதே அமைப்பின் கவர் யுவர் டிராக்ஸ் என்ற தளத்தில் போய் உங்கள் பிரவுசரைச் சோதித்துப் பார்க்கலாம், ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அப்புறம், எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: பிரவுசரே நாம் செய்வதையெல்லாம் பார்க்கிறது. யூசி பிரவுசர் ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் மலிவு போன் வைத்திருந்த பாதிப் பேர் கையில் அதுதான். கனடாவின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடம் 2015-ல் அதைப் பிரித்துப் பார்த்தபோது, நாம் தேடும் சொற்கள் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமலேயே வெளியே போவதைக் கண்டுபிடித்தது. 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. "வேகம்", "டேட்டா மிச்சம்", "பிரைவேட்" என்று ஸ்டோரில் பெயரை வைத்துக்கொண்டு வரும் முன்பின் தெரியாத பிரவுசர்களைக் கண்டால் எனக்கு இன்றும் யூசி பிரவுசரின் சின்னமான அந்த அணில் படம்தான் ஞாபகம் வரும்.

(திரையில்: நான்கு பிரவுசர்களின் சின்னங்கள்)

இனி ஆள் பார்ப்போம். ஒருத்தரும் அப்பழுக்கில்லாதவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவுக்கு வருமானத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கூகுளிடமிருந்து, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைப்பதற்காக. 2025 பிப்ரவரியில் மொசில்லா, "உங்கள் தரவை விற்கமாட்டோம்" என்ற பழைய வாக்கைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு விதிமுறைகளை மாற்றி எழுதியபோது பெரிய சண்டையே நடந்தது, பிறகு வாசகத்தைத் திருத்தினார்கள். எனக்கும் கசப்புதான். இருந்தும் நான் தினமும் திறப்பது ஃபயர்பாக்ஸ்தான், காரணம் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்த்து மாட்டும் சின்ன நிரல். விளம்பரங்களையும் நம்மைப் பின்தொடர்பவர்களையும் தடுப்பது இதன் வேலை, முதலில் பார்த்த சிவப்புக் கேடயம் இதுதான். ரேமண்ட் ஹில் என்பவர் எழுதியது, இலவசம், நன்கொடை கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்கிற ஆள். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதில் முழு யூபிளாக் அங்கே நின்றுபோய்விட்டது, லைட் என்ற இளைத்த வடிவம்தான் ஓடும். ஃபயர்பாக்ஸில் முழுசாக ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது, இது எத்தனையோ பேருக்குத் தெரியாது.

பிரேவ், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது. குரோமின் அதே குரோமியம் எஞ்சின், அதனால் குரோமில் பழகியவருக்குக் கை தடுமாறாது. தடுப்பான் உள்ளேயே இருக்கிறது, இறக்கியதும் வேலை செய்யும், கைரேகை எடுப்பவர்களுக்குத் தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாற்றிய விவரத்தைக் கொடுத்துக் குழப்பவும் செய்யும். ஆனால் உள்ளே கிரிப்டோ வாலட், வெகுமதிப் புள்ளி என்று ஒரு சந்தைக்கடையே இருக்கிறது, முதல் நாளே செட்டிங்ஸில் போய் ஒவ்வொன்றாக மூடினேன். 2020-ல், பைனான்ஸ் என்ற கிரிப்டோ தளத்தின் முகவரியை அடித்தால் கமிஷன் கோடு சேர்ந்த முகவரியாகத் தானே நிரப்பியதைக் கண்டுபிடித்தார்கள். தவறுதான் என்று ஐக் ஒப்புக்கொண்டு மாற்றினார்.

தேடுபொறிக் கம்பெனியான டக்டக்கோவின் பிரவுசரிலும் 2022-ல் இப்படி ஒன்று கிளம்பியது. தேடல் விளம்பர ஒப்பந்தம் காரணமாக மைக்ரோசாப்டின் சில டிராக்கர்களை, அதாவது பின்தொடரும் நிரல்களை, மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். சத்தம் போட்ட பிறகு ஆகஸ்டில் அதையும் தடுத்தார்கள். இன்று எளிமை வேண்டும் என்பவருக்கு நல்ல பிரவுசர்தான்.

நம் ஊர்க்காரர்களான ஸோஹோவின் உலா 2023-ல் வந்தது. பெயர் அழகு. இதுவும் குரோமியம்தான், ஆபீஸுக்கு ஒன்று, சொந்த வேலைக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனி முறைகள். 2025-ல் மத்திய அரசின் பிரவுசர் போட்டியில் 1 கோடி ரூபாய் பரிசு வாங்கியது. ஒரே லேப்டாப்பில் நான்கு பேர் இருக்கும் எங்கள் வீடு மாதிரி வீட்டுக்கு இந்தப் பிரிவினை நிஜமாகவே பயன்படும்.

டோர் பிரவுசர் உயிர் போகிற ரகசியம் வைத்திருப்பவர்களுக்கு, நீங்கள் யார் என்பதை மறைக்கப் பல கணினிகள் வழியாகச் சுற்றிப் போவதால் மெதுவாகத்தான் ஓடும். செய்தியாளர்கள், போராட்டக்காரர்கள். அதில் ரயில் டிக்கெட் புக் பண்ணப் பார்த்தால் பண்டிகையே முடிந்துவிடும்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய யூனியன் போன்ற ஒரு சில இடங்களைத் தவிர, ஐபோனில் எந்த பிரவுசரை இறக்கினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான், அதனால் ஃபயர்பாக்ஸ் போட்டாலும் யூபிளாக் வராது. சஃபாரியிலேயே இருங்கள், அல்லது பிரேவ்.

அப்போ நான் எதைச் சொல்கிறேன்? செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்துப் பயப்படாதவர் என்றால் ஃபயர்பாக்ஸ், கூடவே யூபிளாக் ஆரிஜின், வேறு எக்ஸ்டென்ஷன் வேண்டாம். பத்து எக்ஸ்டென்ஷன் மாட்டினால் பத்துப் பேருக்கு வீட்டுச் சாவி கொடுத்த மாதிரி, கைரேகையும் இன்னும் தனியாகத் தெரியும். உள்ளே போய் மூன்று விஷயம் மட்டும்: தேடுபொறியை மாற்றுங்கள், மொசில்லாவுக்குப் பயன்பாட்டு விவரம் அனுப்பும் டிக்கை எடுங்கள், டிராக்கிங் தடுப்பை 'ஸ்ட்ரிக்ட்'டுக்கு ஏற்றிப் பாருங்கள். ஒன்றையும் தொடமாட்டேன் என்பவருக்கு பிரேவ். அப்பாவுக்கு நான் போட்டுக் கொடுத்தது பிரேவ்தான், ஐகானுக்குக் கீழே "இன்டர்நெட்" என்று பெயர் மாற்றி வைத்தேன்.

குரோமை அழிக்காதீர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஒரு கட்டணம் கட்டும் பக்கத்தில் ஓடிபி அடித்த பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பணம் போச்சா, போகலையா தெரியாது, பின்னாலிருந்து அம்மா "இதுக்குத்தான் பழசே இருக்கட்டும்னேன்" என்கிறார். தடுப்பான் ஏதோ ஒரு ஸ்கிரிப்டை மறித்திருந்தது. அட்ரஸ் பார் பக்கத்தில் இருக்கும் கேடயத்தையோ சிங்க முகத்தையோ தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தினால் போதும், சரியாகிவிடும். அதற்கும் மசியாத தளத்துக்கு மட்டும் குரோம். பலர் பிரவுசர் மாற்றிவிட்டு ஒரு வாரத்தில் திரும்பி ஓடுவது இந்த மாதிரி ஒரே ஒரு பக்கத்தால்தான்.

(திரையில்: பாஸ்வேர்டு ஏற்றுமதிப் பக்கம், மங்கலாக்கப்பட்டது)

கடைசியாக, வீடு மாற்றும் வேலை. புக்மார்க்குகள் ஒரே கிளிக்கில் வந்துவிடும். பாஸ்வேர்டுகள் சில கம்ப்யூட்டர்களில் நேராக வராது, பழைய பிரவுசரிலிருந்து சிஎஸ்வி ஃபைலாக இறக்கிப் புதியதில் ஏற்றச் சொல்லும். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், பேங்க் முதல் பால்காரர் ஆப் வரை உங்கள் எல்லா பாஸ்வேர்டும் பச்சையாக, வரிசையாக இருக்கும். ஏற்றி முடித்த அடுத்த நிமிஷமே அதை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்கள். எங்கள் வீட்டு லேப்டாப்பில் அது மூன்று வாரம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடந்தது. கண்டுபிடித்தது அப்பா.