36-0 ஜெயிச்ச டீம், கடலுக்குப் பக்கத்துல ஒரு கிரவுண்டு | ஆர்ப்ரோத் வ்லாக்

வணக்கம் மக்களே. கேக்குதா? மைக்ல பஞ்சு உறையெல்லாம் மாட்டித்தான் வந்திருக்கேன், அப்படியும் இந்தக் காத்து சும்மா விடமாட்டேங்குது. பின்னாடி உய்ய்ய்னு ஒரு சத்தம் வரும், பொறுத்துக்கோங்க. இந்த வீடியோவுல அந்தக் காத்தும் ஒரு ஆளு.

நான் இப்போ ஸ்காட்லாந்துல கிழக்குக் கடற்கரையில ஆர்ப்ரோத்ங்கிற ஊர்ல இருக்கேன். டண்டீலேர்ந்து ரயில்ல 20 நிமிஷம். இருபதாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர். இந்தப் பக்கம் பாருங்க... இது கடல், வட கடல். இப்ப அப்படியே திரும்புறேன்... இது சுவரு. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபுட்பால் கிரவுண்டு. நடுவுல வேற ஒண்ணும் கிடையாது. கேஃபீல்டு பார்க். ஐரோப்பாவுலயே கடலுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற ஸ்டேடியம் இதுதான்னு சொல்றாங்க. கடல் பொங்குற நாள்ல அலை சுவரைத் தாண்டி உள்ள வந்து விழும்.

ஆர்ப்ரோத்னு சொன்னா ஃபுட்பால் தெரிஞ்சவங்க உடனே ஒரு நம்பர் சொல்வாங்க. 36-0. வினாடி வினாவுல வர்ற நம்பர். நானும் அந்த நம்பரைக் கேட்டுத்தான் முதல்ல இங்க வந்தேன். ஆனா வந்து பார்த்தப்புறம், இந்த கிளப்பைப் பத்திச் சொல்றதுக்கு அந்த நம்பர் பத்தாதுன்னு தோணுச்சு. சரி, முதல்ல அதையே முடிச்சிடுவோம், இல்லைன்னா கமெண்ட்ல விடமாட்டீங்க.

1885, செப்டம்பர் 12. ஸ்காட்டிஷ் கப் முதல் சுற்று. அபர்தீன்லேர்ந்து பான் அக்கார்டுன்னு ஒரு டீம் வருது. பாவம், அவங்களுக்கு ஒழுங்கான ஜெர்சி கூட இல்லைன்னு சொல்வாங்க. கோல்கீப்பரா நின்னவரு வழக்கமா கோல்கீப்பரே கிடையாது. ஹாஃப் டைம்ல 15-0. அதுக்கப்புறம் இன்னும் 21. சராசரியாப் பார்த்தா ரெண்டரை நிமிஷத்துக்கு ஒரு கோல். இதுல ஒரு விஷயத்தை யோசிங்க. அப்போ கோல்போஸ்ட்டுல வலையே கிடையாது. ஒவ்வொரு கோலுக்கும் பந்து எங்கயோ உருண்டு போயிடும், ஓடிப்போய் எடுத்துட்டு வரணும். அந்த நேரத்தையும் கழிச்சுட்டு 36. போதாக்குறைக்கு நடுவர் வேற சில கோலை ஆஃப்சைடுன்னு தள்ளிட்டாராம். அன்னைக்கு ஜாக்கி பெட்ரின்னு 18 வயசுப் பையன் ஒருத்தன் மட்டும் 13 கோல் அடிச்சான்.

எனக்குப் பிடிச்ச ஆளு அவன் இல்லை, ஆர்ப்ரோத் கோல்கீப்பர் மில்ன். மேட்ச் முழுக்க அவர்கிட்ட பந்தே வரலை. மழை வேற. பார்க்க வந்த ஒருத்தர்கிட்ட குடையை வாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாருன்னு ஊருக்குள்ள இன்னைக்கும் சொல்றாங்க. எதிர் டீமுக்கு 36 கோல் விழுது, இங்க ஒரு மனுஷன் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி குடை பிடிச்சு நிக்கிறாரு.

இதை விட வேடிக்கை என்னன்னா, அதே நாள், அதே கப், பக்கத்து ஊர் டண்டீயில டண்டீ ஹார்ப்ங்கிற டீம் அபர்தீன் ரோவர்ஸை 35-0 போட்டு அடிச்சிருக்கு. நடுவர் கணக்குல முதல்ல 37. ஆனா ஹார்ப் ஆளு ஒருத்தரே, "இல்லைங்க, 35தான்"னு சொல்ல, நடுவரும் 35னு எழுதிட்டாரு. அந்த மகராசன் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா சாதனை இன்னைக்கு டண்டீ பக்கம் போயிருக்கும்! ஹார்ப்ல ஆடின ஒருத்தர் முன்னாடி ஆர்ப்ரோத்ல இருந்தவராம். "35 அடிச்சோம், உங்களால முடியுமா"ன்னு பழைய நண்பர்களுக்குத் தந்தி கொடுத்தா, பதிலுக்கு 36னு வருது. கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சுக்கிட்டாராம். கதை கட்டினதோ நிஜமோ, ரெண்டு ஊரும் இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுது.

இதுக்கு முந்தின சீசன்ல நடந்தது இன்னும் ரசமா இருக்கும், ஆனா அதை யாரும் சொல்றதில்லை. கிளாஸ்கோவிலேர்ந்து ரேஞ்சர்ஸ் வர்றாங்க, இதே கப்புக்கு. இங்க வச்சு 4-3ன்னு தோத்துட்டாங்க. பெரிய டீமுக்குப் பொறுக்குமா? வீட்டுக் கொல்லைப்புறத்துல வச்சுத் தோக்கடிச்சிட்டாங்கங்கிற மாதிரி ஊருக்குத் தந்தி கொடுத்துட்டு, டேப்பை எடுத்து கிரவுண்டை அளந்திருக்காங்க. விதிப்படி இருக்க வேண்டிய அகலத்துக்கு ஒரு அடி கூட இல்லை, சில அங்குலம் குறைச்சல். புகார் கொடுத்து, மறுபடி ஆட வச்சு, 8-1னு ஜெயிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த அங்குலக் கணக்கைப் பத்தி இங்க இன்னும் ஒரு முணுமுணுப்பு இருக்கு. நியாயம்தானே?

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இது. கிளப் ஆரம்பிச்சது 1878ல. ஒரே மேட்ச்ல 36 கோல் அடிச்ச இந்த டீம், தேசிய அளவுல முதல் பட்டம் வாங்கினது எப்போ தெரியுமா? 2011ல. அதுவும் லீக்ல மேலேர்ந்து நாலாவது அடுக்குல, அப்போ அதுக்கு தேர்ட் டிவிஷன்னு பேரு. 133 வருஷம்! பாட்டன், பூட்டன், அப்பா, மகன்னு தலைமுறை தலைமுறையா இந்த வாசல் வழியா வந்து, காத்துல நடுங்கி, ஒண்ணும் கிடைக்காம வீட்டுக்குப் போயிருக்காங்க. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்திருக்காங்க. நடுவுல சில காலம் முதல் அடுக்குல ஆடியிருக்காங்க, 1975க்கு அப்புறம் அதுவும் இல்லை.

[காத்துச் சத்தம்]

தொப்பி! ஐயோ... சரி, கிடைச்சிடுச்சு. ஒரு நிமிஷம், இந்தச் சுவரை ஒட்டி உக்காந்துக்கிறேன்.

போன தடவை ஒரு மேட்ச்சுக்கு வந்திருந்தேன். உள்ள நாலு பக்கமும் நின்னு பார்க்கிற படிக்கட்டுதான் அதிகம். ஒரு கையில 'பை' (pie), அதாவது உள்ள இறைச்சி வச்சுச் சுட்ட சின்ன வட்டப் பலகாரம், இன்னொரு கையில போவ்ரில். மாட்டிறைச்சிச் சாறு, சுடச்சுட, டீ மாதிரி கப்புல தருவாங்க. ருசியைக் கேக்காதீங்க, அந்தக் குளிர்ல கைக்குச் சூடா ஏதாவது இருந்தாப் போதும். ஹாஃப் டைம் விசில் ஊதினதும் என்னைச் சுத்தி இருந்த கூட்டம் மொத்தமும் கிளம்பிடுச்சு. குழந்தை, கிழவர், எல்லாரும். என்னடா இது, மேட்ச்சை நிறுத்திட்டாங்களா, அலை கிலை வருதான்னு பயந்துட்டேன். பார்த்தா எல்லாரும் எதிர்ப்பக்க கோல்போஸ்ட்டுக்குப் பின்னாடி போறாங்க. டீம் பக்கம் மாறுது இல்லையா, நம்ம ஆளுங்க எந்த கோலைப் பார்த்து அடிக்கிறாங்களோ அங்க போய் நிக்கணும். எதிர் டீம் ஆளுங்க அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வர்றாங்க. நடுவழியில ரெண்டு கூட்டமும் எதிரெதிரா நடந்து போகுது, ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கிட்டே. ஒரு அடிதடி கிடையாது. பெரிய ஸ்டேடியத்துல இதை நினைச்சுப் பார்க்க முடியுமா?

அந்த மேட்ச்ல கோல்கீப்பர் அடிச்ச ஒரு பந்து இன்னும் என் கண்ணுலயே நிக்குது. நல்லா ஓங்கித்தான் அடிச்சாரு. மேல போச்சு, அந்தரத்துல நின்னுச்சு, யோசிச்சுச்சு, திரும்பி அவரைப் பார்த்தே வந்துச்சு! வெளியூர் டீம் மூஞ்சியைப் பார்க்கணுமே. உள்ளூர்க்காரங்க மட்டும் பந்தைத் தரையோட தரையா உருட்டிக்கிட்டே இருந்தாங்க.

கீழ இருக்கிறது புல்லு இல்லை. 2017லேர்ந்து செயற்கைத் தரை. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. புல் வெட்டுற மெஷினுக்குப் பேர் போன ஊர் இது. அலெக்சாண்டர் ஷாங்ஸ்னு ஒருத்தர், 1842ல குதிரை பூட்டி இழுக்கிற மெஷினைச் செஞ்சது இதே ஆர்ப்ரோத்ல. இப்போ இந்த ஊர் கிரவுண்டுல வெட்டுறதுக்குப் புல்லே இல்லை.

இப்ப 2016. டிக் கேம்ப்பெல்னு அறுபதைத் தாண்டின ஒரு மேனேஜர் வர்றாரு. தலையில எப்பவும் ஒரு தட்டைத் தொப்பி. கூட உதவிக்கு அவரோட இரட்டைச் சகோதரர் இயன். டீம் அப்போ நாலாவது அடுக்குல கிடக்கு. 2017ல அதுல முதலிடம். 2019ல மூணாவது அடுக்குல முதலிடம். இப்ப ரெண்டாவது அடுக்குக்கு வந்தாச்சு, சாம்பியன்ஷிப். முக்கியமான விஷயத்தை இங்க சொல்லணும். இந்த டீம்ல ஆடினவங்களுக்கு ஃபுட்பால் முழுநேர வேலை இல்லை. பகல்ல வேற வேலை, வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். ரசிகர்களோட செல்லப்பிள்ளை பாபி லின், குப்பை அள்ளுற வண்டியில வேலை பார்த்தவரு. வாரம் முழுக்க ஊர்க் குப்பையை எடுத்துட்டு, சனிக்கிழமை முழுநேர டீமோட டிஃபென்ஸைக் குழப்பிவிட்டுப் போவாரு.

2021-22 சீசன்ல அந்த அடுக்குல பகுதிநேர டீம் இது ஒண்ணுதான். யாரும் எதிர்பார்க்கலை, டேபிள்ல முதலிடத்துக்குப் போயிட்டாங்க. மாசக்கணக்குல கில்மார்னக்கோட மல்லுக்கட்டு. ஏப்ரல் மாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி, கில்மார்னக் கிரவுண்டு. ஆர்ப்ரோத் ஒரு கோல் முன்னாடி. அப்படியே முடிஞ்சிருந்தா கதை கடைசி வாரம் வரைக்கும் போயிருக்கும். கடைசிப் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டு வாங்கிட்டாங்க. 2-1. பட்டம் கில்மார்னக்குக்கு.

அதோட விட்டுச்சா? மேல போக இன்னொரு வாய்ப்பு இருந்துச்சு, பிளே-ஆஃப். அதுல எதிர் டீம் இன்வர்னெஸ். முதல் மேட்ச் 0-0. ரெண்டாவது மேட்ச்சும் 0-0. அந்த ரெண்டாவதுல இன்வர்னெஸ்ஸுக்கு ரெண்டு ரெட் கார்டு, ஒன்பது பேரோட ஆடுறாங்க. ஒன்பது பேர்! 36 அடிச்ச டீமுக்கு அன்னைக்கு ஒரே ஒரு கோல் வரலை. பெனால்ட்டியில போச்சு. நான் அப்போ இந்த நாட்டுலயே இல்லை, பின்னாடிதான் வீடியோவுல பார்த்தேன். முடிவு தெரிஞ்சே பார்த்தும் வயித்துல என்னமோ பண்ணுச்சு.

மேல போயிருந்தா செல்டிக், ரேஞ்சர்ஸ் எல்லாம் லீக் மேட்ச்சுக்கு இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கணும். அளக்கிற டேப்பையும் சேர்த்துக் கொண்டு வந்திருப்பாங்க! வரலை. கேம்ப்பெல் 2023 நவம்பர்ல விலகிட்டாரு, 2024ல டீம் கீழ இறங்கிடுச்சு. ஆனா 2025லயே மூணாவது அடுக்குல சாம்பியன் ஆகித் திரும்ப மேல வந்தாங்க. இந்தத் தடவை பொறுப்புல இருந்தது டீம்ல ஆடிக்கிட்டிருந்த ரெண்டு பேரு, டேவிட் கோல்ட், காலின் ஹாமில்டன்.

பேரைச் சொல்ல மறந்துட்டேனே! இவங்களுக்குச் செல்லப்பேரு ரெட் லிஹ்டீஸ். "லிஹ்ட்"னா ஸ்காட்ஸ் மொழியில விளக்கு. அந்த 'ஹ்' தொண்டையிலேர்ந்து வரணும், ரயில்ல வரும்போது ஒரு பாட்டி எனக்கு மூணு தடவை சொல்லிக் கொடுத்தாங்க, மூணு தடவையும் சிரிச்சாங்க. மீன் பிடிக்கப் போன படகெல்லாம் இருட்டுல கரை திரும்பறதுக்குத் துறைமுகத்துல ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதுலேர்ந்துதான் இந்தப் பேரு. ஊர்க்காரங்க அத்தனை பேரும் லிஹ்டீஸ்தான், டீம் மட்டும் இல்லை. ஜெர்சி மெரூன் கலரு.

அதோ அந்த வெள்ளைக் கட்டடம் தெரியுதா? கிரவுண்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. சிக்னல் டவர், 1813ல கட்டினது, இப்போ மியூசியம். இங்கேர்ந்து 18 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடல்ல பெல் ராக்னு ஒரு பாறை. அலை ஏறினா மூழ்கிடும், எத்தனையோ கப்பலை முழுங்கின பாறை. அதுமேல ராபர்ட் ஸ்டீவன்சன் பொறுப்புல கலங்கரை விளக்கம் கட்டி, 1811 பிப்ரவரி 1ஆம் தேதி விளக்கு ஏத்தினாங்க. இன்னும் நிக்குது. அங்க காவல் இருந்தவங்க குடும்பமெல்லாம் இந்த டவர்ல குடியிருந்தாங்க. ஃபோனா இருக்கு? கொடிக்கம்பம்தான். அங்க காவல்ல இருக்கிறவருக்கு இங்க குழந்தை பிறந்தா, பையன்னா ஒரு கால்சட்டை, பொண்ணுன்னா ஒரு பாவாடையைக் கம்பத்துல ஏத்துவாங்களாம். அவரு தொலைநோக்கியில பார்த்துத் தெரிஞ்சுக்கணும். நான் அதைக் கேட்டதுலேர்ந்து அந்தக் கம்பத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன்.

இருட்டிடுச்சு, கேமராவுல 9 சதவீதம்தான் சார்ஜ். ஸ்மோக்கி வாங்கி வச்சிருக்கேன், பையிலேர்ந்து வாசனை தூக்குது. ஹாடக் மீனை ஜோடி ஜோடியா வாலைக் கட்டித் தொங்கவிட்டு, விறகுப் புகையில வேக வைக்கிறது. கருவாடுன்னு நினைச்சுடாதீங்க, உள்ள சதை அப்படியே ஈரமா இருக்கும். இந்த ஊரைச் சுத்தி 8 கிலோமீட்டருக்குள்ள செஞ்சாத்தான் ஆர்ப்ரோத் ஸ்மோக்கின்னு விக்கலாம், 2004லேர்ந்து சட்டமே இருக்கு.

இருங்க, ஒண்ணே ஒண்ணு காட்டிட்டுப் போறேன். கடல் பக்கம் திருப்புறேன். பெல் ராக் விளக்கு முன்னாடி சிவப்பும் வெள்ளையுமா மாறி மாறி எரியுமாம், இப்போ வெறும் வெள்ளைதான். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை. எண்ணுங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அதோ! பார்த்தீங்களா? கேமராவுல விழுந்திருக்காது. மறுபடி எண்ணுங்க. ஒண்ணு... ரெண்டு...