புயலுக்குப் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

"மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்."

இந்த வாசகத்தை வானொலியில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் பலருக்கு இது காதோடு நின்றுவிடுகிறது. கடல் பகுதிக்கான வானிலை அறிக்கை எழுதும் மேசையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இந்த இரண்டு வரிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கடலில் ஏதோ உருவாகிறது என்றதும் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "புயலா? பெயர் வைத்துவிட்டார்களா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை காத்திருப்பது கடலில் இருப்பவருக்கு ஆபத்து.

பெயர் எப்போது வருகிறது என்று பாருங்கள். காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை சுழன்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை என்றால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர். வங்கக்கடலுக்கும் அரபிக்கடலுக்கும் 13 நாடுகள் சேர்ந்து கொடுத்த 169 பெயர்களின் பட்டியல் 2020 ஏப்ரலில் வெளியானது. அதிலிருந்து வரிசைப்படி டெல்லியில் உள்ள வானிலை ஆய்வு மையம் பெயரை எடுத்து அறிவிக்கும்.

சரி, நடுக்கடலில் 61-ஆ 62-ஆ என்று யார் அளந்து சொல்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் நேராக அளப்பதில்லை. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் காற்றை அளக்கும் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. கப்பல்களிலிருந்தும் தகவல் வரும். ஆனால் இவை இருக்கும் இடத்தில்தான் அளக்கும். கடல்பரப்பில் காற்றை அளக்கும் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தின்மேல் எந்நேரமும் நிற்பதில்லை, கடந்து போகும்போதுதான் அளக்கும். ஆகவே மேசையில் இருப்பவர் செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் வளைவைப் பார்க்கிறார். மேகப்பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது, மையத்தருகே மேகம் எவ்வளவு அடர்ந்து குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து ஓர் எண் கொடுப்பார். டுவோராக் முறை என்று அதற்குப் பெயர். அந்த எண் 1.5 என்றால் தாழ்வு மண்டலம், 2.5 என்றால் புயல். அனுபவமுள்ள இருவர் ஒரே படத்தைப் பார்த்து அரை எண் வேறுபடுவது உண்டு. பெயருக்கு முந்தைய காற்றுக்கும் பெயர் வந்த காற்றுக்கும் நடுவே இருப்பது அவ்வளவு மெல்லிய கோடு. அது கணக்குக்காகப் போட்ட கோடு; படகுக்கு அந்தக் கோடு தெரியாது.

இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு 2017 நவம்பர் கடைசிதான் நினைவுக்கு வரும். 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தென்மேற்கு வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் முற்பகலில் அது குமரிக்கடலில், கன்னியாகுமரிக்குத் தெற்கே மிகப் பக்கத்தில், ஒக்கி என்ற புயலாகிவிட்டது. இடையில் இருந்தது ஏறத்தாழ ஒரே ஒரு நாள். அந்த நேரத்தில் குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஊர்களின் விசைப்படகுகள் ஆழ்கடலில் இருந்தன. இவர்கள் போனால் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையிலிருந்து 250 கடல் மைலில் நிற்கும் படகு மணிக்கு 8 கடல் மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரை சேர 31 மணி நேரம் வேண்டும். தாழ்வு மண்டலம் என்று அறிவித்த நிமிடமே தூண்டிலை இழுத்துவிட்டுத் திரும்பியிருந்தாலும், பெயர் வரும்போது அந்தப் படகு பாதி கடலைத் தாண்டி ஏழெட்டு மணி நேர ஓட்டம் மீதி வைத்திருக்கும். அதுவும் செய்தி அங்கே எட்டியிருந்தால். படகில் பேசுவதற்கு இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ கருவி சில பத்துக் கடல் மைலுக்குமேல் கேட்காது. பின்னர் அந்தப் புயல் லட்சத்தீவைக் கடந்து, அதிதீவிரப் புயலாகி, குஜராத் பக்கம் போய் வலுவிழந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. கடல் பகுதிக்கான அறிக்கையை நேரத்தை நிரப்பும் சம்பிரதாயமாக யாரேனும் வாசித்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இப்போது முதலில் சொன்ன அந்த வாசகத்துக்கு வருகிறேன். அதில் முதலில் கேட்க வேண்டியது கடல் பகுதியின் பெயர். மன்னார் வளைகுடா வேறு, குமரிக்கடல் வேறு, தென்மேற்கு வங்கக்கடல் வேறு, லட்சத்தீவு பகுதி வேறு. நீங்கள் நிற்கும் இடம் மட்டுமல்லாமல், திரும்பி வரும் வழியும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது காற்று. அதில் இரண்டு வேகங்கள் வரும். முதலில் சொல்வது நின்று வீசும் காற்று. "இடையிடையே" என்று வருவது திடீரென்று தாக்கும் வீச்சு. படகைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். காற்று தள்ளும் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 40 கிலோமீட்டர் காற்று 60 ஆனால் வேகம் ஒன்றரை மடங்கு, விசையோ இரண்டேகால் மடங்கு. ஆகவே 55-க்கும் 65-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். மூன்றாவது, எந்தெந்த நாட்கள் என்பது. இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். அறிக்கையில் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகச் சொல்லியிருப்போம். இன்று நன்றாக இருக்கிறதே என்று கிளம்புகிறவர் கேட்க வேண்டியது நான்காம் நாள் வரி.

பல நாள் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு அறிக்கையும் உண்டு. டெல்லியில் உள்ள மையம் வெப்பமண்டலக் கடல்களின் நிலையைப் பற்றி நாள்தோறும் ஓர் அறிக்கை தருகிறது. புயல் பருவமோ இல்லையோ, 365 நாளும் வரும். கடல் வெப்பம் எப்படி இருக்கிறது, மேலடுக்குக் காற்று மேகக்கூட்டத்தைக் கலைக்கிறதா வளரவிடுகிறதா, மேற்கிலிருந்து கிழக்காக உலகைச் சுற்றும் மேகமண்டலம் இந்தியப் பெருங்கடலுக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். 26.5 டிகிரிக்கு மேல் வெப்பமான நீர் புயலுக்கு வேண்டும். அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலில் அது தாராளமாகவே கிடைக்கும். மற்றவை சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி. இவற்றைப் பார்த்துவிட்டு, வங்கக்கடலுக்கும் அரபிக்கடலுக்கும் அடுத்த ஏழு நாட்கள்வரை வாய்ப்பு இல்லை, குறைவு, மிதம், அதிகம் என்று ஒரு சொல் போடுவார்கள். இதில் கவனியுங்கள்: அந்தச் சொல் பெயர் பெறும் புயலுக்கானது அல்ல, தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்புக்கானது. அந்தக் காற்றே படகுக்கு அதிகம் என்பதை மறக்காதீர்கள். பனிக்கட்டியும் டீசலும் ஏற்றுவதற்கு முன் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

"நீங்கள் சொன்னபடி வரவில்லையே" என்று என்னிடம் நேரில் கேட்டவர்கள் பலர். நியாயமான கேள்வி. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோது எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். 25ஆம் தேதி தாழ்வு மண்டலம், 26ஆம் தேதி ஆழ்ந்த தாழ்வு மண்டலம். மறுநாளே புயலாகும் என்ற எதிர்பார்ப்பு தள்ளித் தள்ளிப்போய் 29ஆம் தேதி பிற்பகலில்தான் பெயர் வந்தது. "புயலே இல்லை" என்று நடுவில் சிலர் பேசிவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று நாளும் கடல் கொந்தளிப்பாகத்தான் இருந்தது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் மழை 50 சென்டிமீட்டரைத் தொட்டது. அதோடு முடியவில்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரை எங்கே, கடல் எங்கே! அந்த மழையில் பெரும்பகுதி கொட்டியபோது ஃபெஞ்சல் புயல் என்ற தகுதியையே இழந்துவிட்டிருந்தது. பெயர் போனதும் ஆபத்து போய்விட்டது என்று நினைத்தவர்களைத்தான் தென்பெண்ணை வெள்ளம் சூழ்ந்தது.

தொலைக்காட்சியில் காட்டும் பாதைக் கோட்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு முந்தைய கணிப்பிலேயே மையம் சராசரியாக 75 கிலோமீட்டர் அளவுக்கு விலகுவது இயல்பு. மூன்று நாளுக்கு முந்தையது என்றால் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. கோட்டைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் பகுதியை அதற்காகத்தான் வரைகிறோம். அதற்குள் உங்கள் ஊர் இருந்தால் அது உங்களுக்கான எச்சரிக்கைதான்.

பெயரும் இல்லாமல், மேகமும் இல்லாமல், காற்றும் இல்லாமல் வரும் ஆபத்து ஒன்று உண்டு. கள்ளக்கடல். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த காற்றில் எழும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து கேரளக் கரைக்கும் குமரிக் கரைக்கும் வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும். 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலை பற்றிய தகவல் தரும் இன்காய்ஸ் நிறுவனம் அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தது. கரையில் நிற்பவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஊர்த் தலைவர்கள், பங்குத் தந்தையர், கடற்கரையில் கடை வைத்திருப்பவர்கள் இதை ஒலிபெருக்கியில் சொன்னாலே பல உயிர் தப்பும். தயவுசெய்து சொல்லுங்கள்.

ஒக்கிக்குப் பிறகு சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி, செல்போன் கோபுரம் எட்டாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கிப் படகில் இருக்கும் செல்போனுக்குக் கொடுக்கும். ஆனால் அதிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இருபக்கமும் செய்தி அனுப்பும் கருவிகளை இப்போது விசைப்படகுகளில் பொருத்தி வருகிறார்கள். உங்கள் படகில் பொருத்தியிருந்தால், அதைக் கழற்றி வைத்துவிட்டோ அணைத்துவிட்டோ போகாதீர்கள்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. காவல் துறையின் கடலோரப் பாதுகாப்பு எண் 1093. கரையில் இருக்கும் குடும்பத்தாரும் கூப்பிடலாம். கூப்பிடும்போது படகின் பதிவு எண், எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசியாகப் பேசிய நேரம், ஜி.பி.எஸ். காட்டிய இடம் இந்த நான்கையும் சொல்லுங்கள். படகு கிளம்பும்போதே பதிவு எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வணக்கம்.