அமிலம் என்பது ஒரு பொருளின் பெயரா?

அவையோருக்கு வணக்கம்.

மேசையில் இரண்டு கூம்புக் குடுவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 25 மில்லிலிட்டர் அமிலம். இடப்பக்கம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வலப்பக்கம் அசிட்டிக் அமிலம், வினிகருக்குப் புளிப்பைத் தருவது. இரண்டின் செறிவும் ஒன்றுதான், லிட்டருக்கு 0.1 மோல். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு. பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். இடப்பக்கத்தில் 1, வலப்பக்கத்தில் ஏறத்தாழ 3. இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். மேலே பியூரெட்டில், அதாவது அளவு குறித்த, அடியில் திருகுள்ள குழாயில், அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் இருக்கிறது. எந்தக் குடுவையை நடுநிலையாக்க அதிகக் காரம் செலவாகும்? கையை உயர்த்துங்கள்.

பெரும்பாலோர் இடப்பக்கம் என்கிறீர்கள். சிலர் கையை உயர்த்தவே இல்லை. இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டீர்கள் போலும். விடையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருப்போம்.

முதலில் ஒரு சொல் தகராறு. தமிழில் 'காரம்' என்றால் நாக்கு மிளகாயைத்தான் நினைக்கிறது. வேதியியலின் காரத்துக்கும் அந்த எரிச்சலுக்கும் தொடர்பில்லை. காரங்கள் பொதுவாகக் கசக்கும். விரலில் பட்டால் வழவழக்கும். தோலில் உள்ள கொழுப்பைக் காரம் சோப்பாக மாற்றுவதால்தான் அந்த வழவழப்பு. அதாவது வழுக்குவது உங்கள் தோலே. இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், என் பேச்சை நம்புங்கள். அமிலம் என்ற சொல்லோ புளிப்பிலிருந்து வந்தது. ஆக, இரண்டு பெயர்களும் நாக்கு வைத்தவை. நாக்கை விட்டு வெளியே வர வேதியியலுக்கு நெடுங்காலம் பிடித்தது.

1664இல் ராபர்ட் பாயில் ஊதாப் பூவின் சாற்றை எடுத்துக்கொண்டு, அமிலம் பட்டால் அது சிவக்கிறது, காரம் பட்டால் பச்சையாகிறது என்று எழுதினார். சுவைக்காமலே கண்டுபிடிக்க வழி கிடைத்துவிட்டது. ஆனால் அமிலத்தை அமிலமாக்குவது எது?

பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியருக்கு அதில் ஐயமே இல்லை. கந்தகம், பாஸ்பரஸ், கரி ஆகியவற்றை எரித்து, வருவதை நீரில் கரைத்தால் அமிலம். எரியும்போது சேர்வது ஒரே வாயு. எனவே புளிப்பின் மூலம் அந்த வாயுதான் என்று முடிவு கட்டி, கிரேக்கத்தில் 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள்படும்படி ஆக்சிஜன் என்று பெயரும் வைத்துவிட்டார். பிறகு ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி வந்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் ஒளிந்திருக்கிறது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். அதிலிருந்து கிடைக்கும் பச்சை வாயுவை டேவி வெண்சூடேறிய கரியின் மேல் செலுத்திப் பார்த்தார். ஆக்சிஜன் இருந்திருந்தால் கரி அதைப் பற்றிக்கொண்டிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. 1810இல் அந்த வாயு ஒரு தனிமம் என்று அறிவித்தார். குளோரின் என்ற பெயரும் அவர் இட்டதே. ஆக்சிஜன் இல்லாமலே ஒரு முதல்தர அமிலம்! கொள்கை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாம் மூச்சில் இழுக்கும் வாயு இன்றும் ஒரு தவறான கருத்தின் பெயரைத் தாங்கித் திரிகிறது.

அமிலங்களுக்குப் பொதுவாக இருப்பது ஹைட்ரஜன் என்பது மெல்லத் தெளிந்தது. 1884இல் ஸ்வாண்டே அர்ஹீனியஸ் என்ற இளைஞர் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேட்டை அளித்தார். உப்பும் அமிலமும் காரமும் நீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட துண்டுகளாக, அதாவது அயனிகளாகப் பிரிகின்றன என்ற எண்ணம் அதிலிருந்துதான் வளர்ந்தது. அமிலம் ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. காரம் ஹைட்ராக்சைடு அயனியைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் நீர். தேர்வாளர்கள் தாழ்ந்த தரத்தைப் போட்டு அனுப்பினார்கள். அதே கோட்பாட்டுக்காக 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடுடன் கலந்தால், ஒரு மோல் நீர் உண்டாகும்போது சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அமிலத்தை மாற்றி நைட்ரிக் அமிலத்தை எடுங்கள், காரத்தை மாற்றிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை எடுங்கள். அப்போதும் ஏறக்குறைய அதே 57தான். ஏன்? சோடியமும் குளோரைடும் அங்கே வெறும் பார்வையாளர்கள். எந்த வலிமையான இணையைக் கலந்தாலும் நடக்கும் வினை ஒன்றே ஒன்று: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் கூடி நீராவது.

ஆனாலும் அவர் சட்டையில் ஒரு கிழிசல் இருந்தது: அம்மோனியா. நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் மூன்று, அவ்வளவுதான். ஹைட்ராக்சைடு மருந்துக்கும் இல்லை, ஆனாலும் அது காரம். போதாக்குறைக்கு, அம்மோனியா வாயுவும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் சந்தித்தால் கரைசலே தேவைப்படாமல் வெண்புகையாக அம்மோனியம் குளோரைடு உப்பு உருவாகிறது.

1923இல் கோபன்ஹேகனில் பிரான்ஸ்டெட்டும் கேம்பிரிட்ஜில் லௌரியும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, கிழிசலைத் தைத்தார்கள். புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். அதே ஆண்டில் லூயிஸ் இதைவிட விரிந்த விளக்கமாக, எலக்ட்ரான் இணையைக் கொண்டு ஒன்றைச் சொன்னார். அதற்குள் இன்று நான் போகவில்லை.

கொடுப்பது, வாங்குவது என்று சொன்ன மாத்திரத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. கொடுப்பவர் என்பது ஒருவருடைய நிரந்தரப் பட்டம் அல்லவே. எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. நீரையே பாருங்கள். ஹைட்ரஜன் குளோரைடு எதிரே வந்தால் நீர் புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. அங்கே அது காரம். அம்மோனியா வந்தால் கொடுத்துவிடுகிறது. அங்கே அது அமிலம். இன்னும் வியப்பானது நைட்ரிக் அமிலம். அதை அடர் கந்தக அமிலத்தோடு கலந்தால், பெயரிலேயே அமிலத்தை வைத்திருக்கும் அது புரோட்டானை வாங்கிக்கொண்டு காரமாக நடந்துகொள்கிறது. பென்சீனை நைட்ரோபென்சீனாக மாற்றும் வினை தொடங்குவதே அங்கேதான். அமிலங்கள் ஒரு பத்தி, காரங்கள் ஒரு பத்தி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் பழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இதனால்தான். அந்தப் பட்டியல் பொய்யல்ல; ஆனால் 'நீருக்கு எதிரே' என்ற இரண்டு சொற்களை விழுங்கிவிட்டது.

நீர் தனக்குத் தானே கூட இந்தக் கொடுக்கல் வாங்கலை நடத்துகிறது. தூய நீரில் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அயனியாகியிருக்கும். லிட்டருக்கு ஒரு மோலில் கோடியில் ஒரு பங்கு. இத்தனை சுழியங்களைச் சுமக்க முடியாமல்தான் 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் பி.எச். அளவுகோலை வகுத்தார். அது மதுவடி ஆலை ஒன்றைச் சார்ந்த ஆய்வகம். அளவுகோலில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகிறது. இரண்டு படி என்றால் நூறு மடங்கு. ஏழு என்றால் நடுநிலை என்பதும் 25 டிகிரி செல்சியஸில்தான் சரி. உடல் வெப்பநிலையில் தூய நீரின் பி.எச். சுமார் 6.8. அது அமிலமாகிவிடவில்லை, ஹைட்ராக்சைடும் அதே அளவு கூடியிருக்கிறது.

சரி, குடுவைக்கு வருவோம். இடப்பக்கக் குடுவையில் காரம் மிஞ்சினால் சிவக்கும் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியில் இரண்டு சொட்டு விடுகிறேன். நிறமில்லை. பியூரெட்டைத் திறக்கிறேன். காரம் விழும் இடத்தில் ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி தோன்றுகிறது, குலுக்கியவுடன் மறைகிறது. 20 மில்லிலிட்டர் தாண்டிவிட்டது, இப்போதும் பி.எச். 2ஐ எட்டவில்லை. அலுப்பூட்டும் வேலைதான். மாணவனாக இருந்தபோது இந்த அலுப்பில்தான் நான் முதன்முறை கவனம் தவறினேன். திரும்பிப் பார்த்தபோது குடுவை முழுதும் கருஞ்சிவப்பு. முழுச் சோதனையையும் மறுபடி செய்தேன்.

ஏன் அப்படி ஆகிறது? 24.95 மில்லிலிட்டரில் பி.எச். 4. 25.05இல் 10. இடையில் இருப்பவை இரண்டே சொட்டுகள். அந்த இரண்டு சொட்டுகளில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சரிகிறது. பினாப்தலீன் நிறம் மாறுவது 8.2க்கு மேல், அந்தச் செங்குத்துச் சரிவின் நடுவில் அது காத்திருக்கிறது. இதோ, வெளிர் சிவப்பு நின்றுவிட்டது. 25 மில்லிலிட்டர்.

வலப்பக்கக் குடுவையிலும் அதையே செய்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் அளவைப் படியுங்கள். ஆம், இதற்கும் 25தான்.

அசிட்டிக் அமிலத்தின் நூறு மூலக்கூறுகளில் ஒன்றுக்குச் சற்றே மேல்தான் நீரில் புரோட்டானை விட்டிருக்கிறது. மற்றவை கையை மூடிக்கொண்டிருக்கின்றன. பி.எச். தாள் பார்ப்பது வெளியே வந்த புரோட்டானை மட்டும். காரமோ வெளியே வந்ததை எடுத்துக்கொண்டு, 'இன்னும் கொடு' என்கிறது. மூடிய கைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன, கடைசிவரை. வலிமை என்பது எவ்வளவு எளிதாகக் கொடுக்கிறது என்பது. செறிவு என்பது எவ்வளவு இருக்கிறது என்பது. ஒன்றை மற்றொன்றாக எண்ணுவதுதான் இந்தப் பாடத்தில் நான் அதிகம் கண்ட பிழை.

இது சொற்சண்டை அல்ல, ஆபத்தும் இருக்கிறது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேதியியல் கணக்கில் வலிமை குறைந்தது. ஆனால் கண்ணாடியை அரிக்கும். தோல் வழியே உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைக் கவரும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் மெல்ல ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால், 1.84 மடங்கு கனமான அமிலத்தின் மேல் நீர் மிதந்து, அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். கண்ணில் காரம் பட்டால் ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவிக்கொண்டே மருத்துவ உதவியைத் தேட வேண்டும். அமிலத்தை விட்டு நடுநிலையாக்கலாம் என்று யாரும் கெட்டிக்காரத்தனம் காட்ட வேண்டாம். அந்த 57 கிலோஜூல் நினைவிருக்கட்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கக் குடுவையைப் பாருங்கள். அந்த வெளிர் சிவப்பு மங்கிவிட்டது. யாரும் எதையும் ஊற்றவில்லை. இந்த அரங்கில் நாம் எல்லோரும் வெளியிடும் கார்பன் டைஆக்சைடு குடுவையின் வாய்வழியே இறங்கிக் கரைந்து, கார்பானிக் அமிலமாகி, மிஞ்சியிருந்த காரத்தைத் தின்றுவிட்டது. கடலிலும் இதுதான் நடக்கிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் சராசரி பி.எச். சுமார் 8.2இலிருந்து 8.1க்கு வந்திருக்கிறது. எண் சிறியதுதான், ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் அது கால் பங்கு உயர்வு. குடுவையில் இன்னும் ஒரு சொட்டுக் காரம் விடுகிறேன். மறுபடி சிவக்கிறது பாருங்கள். நீங்கள் கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்குள் இதுவும் வெளுத்துவிடும்.