நின்னுபோன 1200 ரூபாயும் எங்க ஆயாவும்

(பென்னாகரம் பக்கம் ஒரு ஊர்ல, கிராமசபைக்கு முந்தின வாரம் பேசுனது)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மைக் கரகரங்குது, பொறுத்துக்கோங்க.

எங்க ஆயாவுக்கு ஓஏபி பணம், அதாங்க முதியோர் பென்ஷன், வந்துட்டிருந்துச்சு, 2023 ஆகஸ்ட்ல 1200 ஆக்குனாங்களே அதுதான். போன வருசம் திடீர்னு நின்னுபோச்சு. புளி தட்டித் தட்டி ஆயாவுக்கு ரேகையே தேஞ்சிருச்சு, அதான் மெஷின் எடுக்கலபோலன்னு விரல மாத்தி மாத்தி வச்சோம், எலுமிச்சம்பழம்கூட தேச்சுப் பாத்தோம், சிரிக்காதீங்க. ஊர்ல ஆளுக்கொரு காரணம். மருமக மகளிர் உரிமைத்தொகை 1000 வாங்குறா, ஒரே ரேஷன் கார்டுக்கு ரெண்டு குடுப்பாங்களான்னு யாரோ கிளப்பிவிட, ஆயா எங்கம்மாகிட்ட பத்து நாள் பேசல.

ஆனா ரூல் அப்படி இல்லைங்க. ஓஏபி வாங்குறவங்க இருக்கிற வீட்லயும் தகுதி இருக்கிற மத்த பொம்பளைங்க உரிமைத்தொகைக்கு எழுதிப் போடலாம்னு 2023லயே தளர்த்திட்டாங்க. அந்தத் திட்டத்துக்கு மனு வாங்குற கேம்ப்ப தொடங்குனதே நம்ம தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர்லதான், 2023 ஜூலை 24. தொப்பூருக்கு வந்தது நம்மூருக்கு வந்து சேரல பாருங்க.

கடைசியா பாத்தா விசயம் வேற. பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போன சித்தப்பா வூட்ல ஆயா ரெண்டு மாசம் இருந்தாங்க, அப்ப சரிபாக்க வந்தவங்க பூட்டுன வூட்டப் பாத்துட்டு ஊர்ல இல்லன்னு எழுதிட்டாங்க. அவங்க மேல முழுசா தப்பு சொல்ல மாட்டேன், நம்ம பக்கம் பாதி வூடு பூட்டிதான் கிடக்குது. ஆனா எழுதுனத ஒரு வார்த்த சொல்லியிருந்தா அஞ்சு மாசம் நாங்க ஏன் அலையணும்? பஸ் ஃப்ரீ, ஆயா டிக்கெட்டாவது மிச்சம்.

அதனால வர்ற கிராமசபைல நான் கேக்கப்போறது ஒன்னுதான், நம்மூர்ல யாருக்கு வருது, யாருக்கு நின்னுச்சு, ஏன் நின்னுச்சு, லிஸ்ட்ட சத்தமா படிங்க, படிச்சத ஆபீஸ் செவுத்துலயும் ஒட்டுங்க. ஆதார் நம்பர், போன் நம்பரெல்லாம் ஒட்ட வேணாம், அதுக்குன்னே ஏமாத்துறவனுங்க சுத்துறானுங்க. படிக்க மாட்டேன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்குது, 10 ரூபாதான், வறுமைக்கோட்டுக்குக் கீழன்னு சர்டிபிகேட் இருந்தா அதுவும் இல்ல, 30 நாளைக்குள்ள பதில் வரணும். எழுதத் தெரியலன்னா நான் எழுதித் தர்றேன்.

தம்பி, மைக்க அந்தக் கடைசில இருக்கிற அம்மாகிட்ட குடுப்பா, ரொம்ப நேரமா பாஸ்புக்க கையிலயே வச்சிட்டு உக்காந்திருக்காங்க.