துண்டு நேரத்தில் படிப்பவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பல பேர் வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு, கைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு அடுக்களை விளக்கை அணைப்பவரிடம் "விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படியுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 7 என்றால் 49. வேலை 40, போக வர 10. வீட்டு வேலை, பிள்ளைகள், பெரியவர்கள் என்று நாளுக்கு 4 வைத்தால் 28. வகுப்பு 12. மிச்சம் 29 மணி நேரம். அட, நாளுக்கு நாலு மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் குளியல், சாப்பாடு, திடீர்க் காய்ச்சல், நீண்டுபோன ஷிப்ட் எல்லாம் இதற்குள்தான். கடைசியில் கைக்கு வருவது இங்கே இருபது நிமிடம், அங்கே முப்பத்தைந்து நிமிடம்.

அதைப் படிக்கிற நேரமாகவே நாம் மதிப்பதில்லை. "ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம்" என்று தள்ளிவைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருவார்.

இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை சொல்லிப் படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே கிடைத்தது. விட்டு விட்டுப் படித்தால் நன்றாக நிற்கும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டின. உங்கள் வாழ்க்கை நேரத்தைத் துண்டு போடுவது அந்த வகையில் உங்களுக்குச் சாதகம்தான்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது? பாடத்தைத் திரும்பப் படிக்காதீர்கள். மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதற்கு மேசைகூட வேண்டாம். துணி மடிக்கும்போது நேற்றைய பாடத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம்.

துண்டு நேரத்தில் ஒரு தொல்லையும் உண்டு. பாதியில் விட்ட வேலை மனத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். புத்தகத்தைத் திறந்த பிறகும் அலுவலக மின்னஞ்சல் உள்ளே ஓடும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை ஆராய்ந்து எழுதினார். பாதியில் எழுந்திருக்கும்போது எங்கே நிற்கிறோம், அடுத்து என்ன என்று குறித்துவிட்டு எழுந்தால் இந்த இழுபறி குறைகிறது என்று அவரே பின்னால் காட்டினார். குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: "மூன்றாம் கணக்கு, இரண்டாவது படியில் குறி தப்பு. அங்கிருந்து தொடங்கு." "கணக்குப் படி" என்று எழுதி வைத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, மறுபடி உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை: அதில் கை வைக்காதீர்கள். படித்தது மனத்தில் பதிவதில் பெரும் பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது.

அப்புறம், தேதிகள். பட்டப்படிப்பின் கடைசி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்ட ஓர் ஆய்வு 1994இல் வந்தது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறாகப் போனால்? 49 நாள். உண்மையில் 55 நாளைத் தாண்டியது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை, மனிதர்கள் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். அதனால் உங்கள் மனம் சொல்லும் நாளோடு பாதியாவது கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் இன்னும் கூடக் கூட்டுங்கள்.

அந்தத் தேதிகளை வீட்டிலும் வேலையிடத்திலும் செமஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் விடுப்புக் கேட்டால் எந்த மேனேஜருக்கும் கோபம் வரும். இரண்டு மாதம் முன்னால் கேட்டால் ஷிப்டை மாற்றிப் பார்ப்பார். மறுத்தாலும் உங்களுக்கு வேறு வழி தேட நாள் இருக்கிறது. வீட்டிலும் "எனக்குப் படிக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "செவ்வாய், வியாழன் ஏழரையிலிருந்து எட்டரை வரை என்னைக் கூப்பிடாதீர்கள், எட்டரைக்கு மேல் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பதிலுக்கு என்ன தருகிறீர்கள் என்பதும் அதில் இருக்கிறது, அதனால் பேச்சு சண்டையாக மாறாது. ஆசிரியரிடமும் அப்படியே, கெடு முடிவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள். ஷிப்டுக்கு ஓட வேண்டியவர்கள் முதலில் கேட்கலாம்.