பாஸ்டெட்டும் அவள் பூனைகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏறக்குறைய கி.மு. 60இல் எகிப்துக்குப் போயிருந்த கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், தன் கண்ணால் கண்ட ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். ரோமானியர் ஒருவர் தெரியாத்தனமாக ஒரு பூனையைக் கொன்றுவிட்டார். கூட்டம் அவர் வீட்டைச் சூழ்ந்துகொண்டது. அந்த நேரத்தில் எகிப்திய மன்னருக்கு ரோமின் தயவு தேவைப்பட்டது. அதிகாரிகளை அனுப்பிக் கெஞ்சிப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்த ஆள் தண்டனையிலிருந்து தப்பவில்லை.

அதே நாட்டில்தான் பூனைகளின் கழுத்தை முறித்து, துணி சுற்றி, அம்மனுக்குக் காணிக்கை செலுத்தினார்கள். ஒன்று இரண்டல்ல, லட்சக்கணக்கில். இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அந்த அம்மனின் பெயர் பாஸ்டெட். நைல் நதி கடலில் கலக்கும் சமவெளியில் புபாஸ்டிஸ் என்ற நகரம் இருந்தது. 'பாஸ்டெட்டின் வீடு' என்பதே அந்தப் பெயரின் பொருள். இன்றைய ஸகாஸீக் நகரின் ஓரத்தில் அதன் கருங்கல் இடிபாடுகள் கிடக்கின்றன. தொடக்கத்தில் அவளுக்குப் பூனை முகம் கிடையாது, சிங்க முகம்தான். ஏறக்குறைய 4,800 ஆண்டுகளுக்கு முந்தைய கல் பாத்திரங்களில் பெண் சிங்கத் தலையோடுதான் இருக்கிறாள். காலம் போகப்போகச் சீற்றமெல்லாம் சேக்மெட் என்ற இன்னொரு சிங்கமுகத் தெய்வத்தின் பங்காயிற்று. இவள் சாந்தமாகி, பூனைத் தலையும் கையில் கிலுகிலுப்பை போன்ற ஒரு வாத்தியமுமாக, வீட்டையும் பிள்ளைப்பேற்றையும் காக்கும் தாயானாள். ஆனாலும் அந்தச் சிங்கம் முழுசாகப் போய்விடவில்லை. அவளுடைய சில வெண்கலச் சிலைகளில் கையிலிருக்கும் சிறு கேடயத்தில் சிங்க முகம் எட்டிப்பார்க்கும்.

அவளுடைய திருவிழாவை கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் விவரிக்கிறார். ஆணும் பெண்ணுமாகப் படகுகளில் நிரம்பி வழிவார்கள். சில பெண்கள் கையில் தாளக்கட்டை, சில ஆண்கள் வாயில் குழல், மற்றவர்கள் பாட்டும் கைதட்டலும். வழியில் ஓர் ஊர் வந்தால் படகைக் கரையோரம் ஒதுக்குவார்கள். படகிலிருக்கும் பெண்கள் கரையிலிருக்கும் பெண்களைப் பார்த்துக் கேலி பேசுவார்கள், ஆடுவார்கள், சிலர் எழுந்து நின்று உடையையே தூக்கிக் காட்டுவார்கள். அப்புறம் அடுத்த ஊர். புபாஸ்டிஸ் போய்ச் சேர்ந்ததும் பலியிடுவதும் குடிப்பதும்தான். வருடத்தின் மீதி நாளெல்லாம் குடிப்பதைவிட இந்த ஒரு விழாவில் அதிக திராட்சை மது காலியாகுமாம். குழந்தைகளைச் சேர்க்காமல் 7 லட்சம் பேர் கூடுவார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் திருவிழாவுக்குச் சொல்லும் கணக்கு; கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் பூனை செத்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்றும் அவர் எழுதுகிறார். பதப்படுத்தி, புபாஸ்டிஸில் கொண்டுபோய்ப் புதைப்பார்களாம். இது பாசம்.

காணிக்கைப் பூனை வேறு கதை. வேண்டுதலோடு வரும் பக்தர் கோயிலருகே துணி சுற்றிய ஒரு பூனையை வாங்கிச் செலுத்துவார். அவர் வேண்டுதலை அது அம்மனிடம் கொண்டுபோகும். தேவை பெருகியதால் பூனைகளை இதற்கென்றே வளர்த்தார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. எக்ஸ்ரேயில் பார்த்தால் பல பூனைகள் ஒரு வயதுகூட நிரம்பாதவை, கழுத்தெலும்பு விலகியிருக்கிறது.

அந்தப் பூனைக்கும் தட்டுப்பாடு வந்ததோ என்னவோ! மான்செஸ்டர் ஆய்வாளர்கள் பூனை, பறவை, முதலை என்று 800க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கில் விலங்கே இல்லை. உள்ளே சேறு, குச்சி, நாணல், முட்டை ஓடு. ஏமாற்று வேலை என்று சொல்லத்தான் முதலில் வாய் வருகிறது. ஆனால் அந்தப் புனித விலங்குகளோடு ஒட்டி இருந்த பொருளும் புனிதம்தான் என்று எகிப்தியர்கள் நினைத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வெறும் மண்ணைக் கட்டித் தருபவன் இத்தனை நேர்த்தியாகத் துணி பின்னி, காது வைத்து, முகம் வரைந்திருக்கமாட்டான்.

கடைசியாக ஒன்று. 1880களின் இறுதியில் எகிப்தில் பெனி ஹசன் என்ற ஊரருகே குழி குழியாகப் பூனை மம்மிகள் கிடைத்தன. அங்கே கோயில்கொண்டிருந்தவள் பாகெட், இன்னொரு சிங்க அம்மன். அவற்றில் சுமார் 19 டன், அதாவது 1,80,000 பூனைகள் என்று மதிப்பிடப்பட்ட சரக்கு, கப்பலேறி 1890இல் இங்கிலாந்தின் லிவர்பூல் போய்ச் சேர்ந்தது. அங்கே டன் கணக்கில் ஏலம். ஏலம் போட்டவர் சுத்தியலுக்குப் பதில் ஒரு பூனையின் மண்டையோட்டைத் தட்டி விலையை முடித்தார் என்று சொல்வார்கள். வாங்கியவர்கள் அரைத்து, உரமாக வயலில் தூவினார்கள்.

வணக்கம்.