முட்டுக் கொடுக்கும் பனி

நேயர்களுக்கு வணக்கம். அண்டார்டிகாவில் பெரிய பனிப்பாறை ஒன்று உடைந்தது என்று செய்தி வந்தால் போதும், "கடல் மட்டம் எவ்வளவு ஏறும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

ஏ23ஏ என்ற பனிப்பாறையைப் பாருங்கள். 1986-ல் அண்டார்டிகாவின் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து, அதாவது நிலத்துப் பனி கடலுக்குள் நீண்டு மிதக்கும் பரப்பிலிருந்து, பிரிந்தது. அதன் மேல் இருந்த சோவியத் ஆய்வு முகாமும் கூடவே போனது. கொஞ்ச தூரத்திலேயே வெடல் கடலில் தரைதட்டி, முப்பது வருடங்களுக்கு மேல் அங்கேயே கிடந்தது. 2020 வாக்கில் அசைய ஆரம்பித்தது. 2024-ல் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்கு வடக்கே, கடலடி மேடு ஒன்றின் மேல் சுழலும் நீரில் சிக்கியது. கிட்டத்தட்ட லட்சம் கோடி டன் எடையுள்ள பனி, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தட்டாமாலை சுற்றியது! 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவருகே மறுபடி தரைதட்டி, அப்புறம் துண்டு துண்டாக உடைந்தது.

கிட்டே போன கப்பல்கள் எடுத்த படங்களில் அது கரையும் விதம் தெரிகிறது. நீர்மட்டத்தில் அலை மோதி மோதிப் பனியைக் குடைகிறது. குகையாகிறது, வளைவாகிறது. கடைசியில் அடியில் பிடிமானம் இல்லாமல் மேல்விளிம்பு சரிந்து விழுகிறது.

இவ்வளவு பனி கரைந்தும் கடல் மட்டம் சொல்லும்படி ஏறவில்லை. காரணம், பனித்தட்டு ஏற்கெனவே கடலில் மிதப்பது; தன் எடைக்குச் சமமான நீரை அது முன்பே ஒதுக்கிவிட்டது. அதன் ஓரம் அவ்வப்போது உடைவதும் இயற்கைதான். பின்னாலிருந்து வரும் பனி அந்த இடத்தை நிரப்பிவிடும்.

சரி, ஆபத்து எங்கே? நிலத்திலிருந்து இறங்கும் பனியாறுகளுக்கு முட்டுக் கொடுத்து நிற்பதே இந்தப் பனித்தட்டுகள்தான். முட்டு போனால், நிலத்துப் பனி கடலுக்குள் வேகமாக இறங்கும். அது கடல் மட்டத்தை உயர்த்தும்.

இது வெறும் கணக்கு இல்லை, கண்ணெதிரே நடந்தது. 2002-ல் அண்டார்டிகாவின் லார்சன் பி என்ற பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கியது. கோடை வெப்பத்தில் மேற்பரப்பில் தேங்கிய உருகுநீர் விரிசல்களில் இறங்கி, அவற்றை ஆழமாகப் பிளந்திருந்தது. அடுத்த வருடமே, பின்னாலிருந்த ஹெக்டோரியா, கிரீன், எவன்ஸ் பனியாறுகள் 2000-ல் இருந்ததைப்போல எட்டு மடங்கு வேகத்தில் ஓடின. கொஞ்சம் தெற்கே பனித்தட்டின் ஒரு பகுதி மிஞ்சியிருந்தது. அதன் பின்னால் இருந்த ஃபிளாஸ்க், லெப்பார்ட் பனியாறுகள் அப்போது வேகம் எடுக்கவே இல்லை.